ஆறரைக்கு ஒரு மிஸ்டு கால்

1

என் நாட்குறிப்பில் ஒரு நாளுக்கு ஒரு வரிதான். எழுந்த நேரம், வெளியே வெப்பநிலை, ஆய்வகத்தில் அன்று எந்த எண் சுண்டெலி, மாலையில் நடந்த தூரம். வரியின் கடைசியில் ஒரு சின்னக் கட்டம் போட்டு அதில் ‘வ’ என்று எழுதுவேன். வந்தது என்று பொருள். கல்லிடைக்குறிச்சியிலிருந்து கோமதி அக்கா தினமும் கொடுக்கும் மிஸ்டு கால், ஜெர்மனி நேரப்படி காலை ஆறரைக்கு வந்து சேர்ந்தது என்று பொருள்.

பதினைந்து வருடங்களாக இந்தக் கட்டம் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு நோட்டு என்று பதினைந்து நோட்டுகள் அலமாரியின் மேல்தட்டில் வரிசையாக நிற்கின்றன. ஊருக்குப் போயிருந்த நாள்களில் மட்டும் கட்டத்தில் ஒரு கோடு இழுத்திருப்பேன்.

சென்ற மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, ஆறரைக்கு அந்தக் கட்டத்தில் எழுத ஒன்றும் வரவில்லை. ஏழு இருபது வரை அது காலியாகவே கிடந்தது. அந்த ஐம்பது நிமிடங்களைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு மிஸ்டு கால் வரவில்லை என்பதற்கு ஒரு கட்டுரையா என்று ஊரில் இருப்பவர்கள் சிரிக்கலாம். சிரியுங்கள். அக்காவும் சிரித்தாள், ஆனால் கொஞ்சம் பிந்தி.

2

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

பாளையங்கோட்டையில் விலங்கியல் படித்தேன். எங்கெங்கோ சுற்றிவிட்டுப் பத்தொன்பது வருடங்களுக்கு முன் இந்தச் சிறிய பல்கலைக்கழக நகரத்துக்கு வந்து, மூளையை ஆராயும் ஓர் ஆய்வகத்தில் உதவியாளனாகச் சேர்ந்தேன். நான் விஞ்ஞானி இல்லை. விஞ்ஞானிகள் வரும்போது எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்பவன்.

சுண்டெலிக்கு இரண்டு ஒலிகளைக் கேட்க வைப்போம். கீச்சென்ற ஒலி வந்தால், ஒரு நொடி கழித்து அதன் வாயருகே ஒரு சொட்டு சர்க்கரைத் தண்ணீர் வரும். கனத்த ஒலி வந்தால், முகத்தில் புஸ்ஸென்று காற்று அடிக்கும். வலிக்காது, ஆனால் எலிக்கு அறவே பிடிக்காது. சில நாள்களில் எலி கற்றுக்கொள்ளும். முதல் ஒலிக்கே நாக்கை நீட்டும், இரண்டாவது ஒலிக்கே கண்ணை இடுக்கும். அந்த நேரத்தில், தலைமுடியைவிட மெல்லிய கம்பி ஒன்று அதன் மூளைக்குள் ஒரு நியூரானின் பக்கத்தில் நின்று, அது துடிப்பதை ஒட்டுக்கேட்டுக்கொண்டிருக்கும். அந்தத் துடிப்பை ஒலிபெருக்கியில் நாங்களும் கேட்போம். காய்ந்த எண்ணெயில் கடுகு வெடிக்கிற சத்தம்.

மூளையின் ஆழத்தில் பாதாம்பருப்பு வடிவில் ஒரு பகுதி இருக்கிறது. ‘ஆபத்து வருகிறது’ என்று வெடிக்கும் நியூரான்களும் ‘நல்லது வருகிறது’ என்று வெடிக்கும் நியூரான்களும் அங்கே ஒன்றையொன்று இடித்துக்கொண்டு குடியிருக்கின்றன. பழகிய எலிக்கு ஒருநாள் ஒலிகளை மாற்றிவிடுவோம். கீச்சொலிக்குக் காற்று, கனத்த ஒலிக்குச் சர்க்கரை. முதலில் எலி தடுமாறும். பிறகு, நேற்றுவரை சர்க்கரைக்காக வெடித்த நியூரான்களில் சில, அதே ஒலிக்கு இன்று வாயை மூடிக்கொள்ளும். ஒலி பழையதுதான், அது கொண்டுவரும் சேதிதான் வேறு.

இன்னோர் இடத்தில் இருக்கும் நியூரான்கள்தான் எனக்குப் பிடித்தவை. முதல் நாள் சர்க்கரை வந்ததும் அவை படபடவென்று வெடிக்கும். எலி பழகிய பிறகு, ஒலி கேட்டவுடனே வெடித்துவிட்டு, சர்க்கரை வரும்போது சும்மா இருக்கும். எதிர்பார்த்தது எதிர்பார்த்த நொடியில் வந்தால் அவற்றுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒலியை மட்டும் கேட்கவிட்டுச் சர்க்கரையை நிறுத்திப் பார்க்க வேண்டும். சர்க்கரை வந்திருக்க வேண்டிய அந்த நொடியில், வழக்கமாக ஓடிக்கொண்டிருக்கும் மெல்லிய சடசடப்பும் அடங்கிப்போகும். வராத ஒன்றை மூளை நேரம் பார்த்துக் குறித்துக்கொள்கிறது. முதல் தடவை இதை ஒலிபெருக்கியில் கேட்டபோது, நம்மைப் போலவே ஒழுங்காகக் குறிப்பெழுதும் ஆள்கள் உள்ளே இருக்கிறார்கள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

இதையெல்லாம் ஜெர்மன் மொழியில் சொல்லத் தெரியாத காலம் ஒன்று இருந்தது. வந்த ஆறாவது மாதம், குடியேற்ற அலுவலகத்தில் என் வேலை என்ன என்று கேட்டார்கள். “எலிகளைப் பயமுறுத்துகிறேன். பிறகு இனிப்பும் கொடுக்கிறேன்” என்றேன். அதுவரை தலை நிமிராமல் முத்திரை குத்திக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். பிறகு பக்கத்து மேசையைப் பார்த்து, “இதற்குத் தனிப் படிவம் இருக்கிறதா?” என்று கேட்டார்.

படிவம் இருந்தது. இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் இருக்கிறது. எங்கள் சோதனை ஒவ்வொன்றுக்கும் முன்பு, அதனால் விலங்குக்கு ஏற்படும் சுமை எவ்வளவு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். லேசானது, நடுத்தரம், கடுமையானது. இந்த மூன்றில் ஒன்று. பத்தொன்பது வருடங்களில் நான் ஒருமுறைகூடக் கட்டம் மாற்றிக் குறித்ததில்லை.

3

கோமதி அக்கா என் உடன்பிறந்தவள், எனக்குப் பதினோரு வயது மூத்தவள். அம்பாசமுத்திரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பலகையில் ஓட்டை ஓட்டையாகப் பார்த்துக் கம்பி செருகிய காலத்து ஆபரேட்டர். பள்ளி விட்டு அவளைக் கூட்டிப்போக வருகிற நாள்களில் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பம்பாயிலிருந்து யாருக்காவது டிரங்க் கால் வந்தால், செய்தி சொல்லி ஆளை வரவழைப்பார்கள். வருகிறவர் முகம் வெளிறிப்போயிருக்கும். பேசிவிட்டு வெளியே வரும்போதுதான் அது சாவா, பிள்ளை பிறந்ததா என்று தெரியும்.

“மணிய கேட்டா ஒண்ணுந் தெரியாதுலே” என்பாள் அக்கா. “ரெண்டுக்கும் ஒரே சத்தந்தான் அடிக்கும், அந்தச் சனியன்.”

பதினைந்து வருடங்களுக்கு முன் அம்மா போனபோது நான் பதிவு அறையில் இருந்தேன். நியூரான்களின் துடிப்பு மிகச் சிறியது; பக்கத்தில் ஒரு செல்போன் இருந்தால்கூடப் பதிவில் கோடுகள் விழும். அதனால் ஏழரைக்கு உள்ளே போகும்போதே எல்லோரும் போனை வெளியே இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவோம். பகல் ஒரு மணிக்குத் திறந்தேன். அக்காவிடமிருந்து பதினோரு அழைப்புகள். நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

திரும்பி வந்த பிறகு போன் மணி அடித்தாலே எனக்கு நெஞ்சு தூக்கிப்போட்டது. விளம்பரக்காரன் கூப்பிட்டாலும் அப்படித்தான். ஒருநாள் அக்கா, எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்பட்டுமா என்று கேட்கக் கூப்பிட்டாள்.

“ஏலே, ஏன் கொரல் இப்படி நடுங்குது?”

“மணி அடிச்சாலே பயமா இருக்கு அக்கா.”

 

“நீ எத்தன மணிக்கு வேலைக்கு எறங்குதே?”

“ஆறே முக்காலுக்கு.”

“சரி, கேட்டுக்கோ. நாளையிலேர்ந்து ஒனக்கு ஆறரை ஆகும்போது நான் ஒரே ஒரு ரிங் விட்டு நிப்பாட்டிருவேன். நீ எடுக்கக் கூடாது. ஒரு ரிங்கோட நின்னா, இங்கன எல்லாம் சொகமா இருக்குன்னு அர்த்தம். நிக்காம அடிச்சாத்தான் எடுக்கணும். வெளங்குதா?”

“தினமுமா?”

“தினமுந்தான். இத்தன வருசமா ஊருக்கெல்லாம் மணி அடிச்சிருக்கேன். ஒனக்கு ஒண்ணு அடிக்க மாட்டனா?”

முதல் சில நாள்கள் அந்த ஒரு ரிங்குக்கும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். நின்ற பிறகுதான் மூச்சு வந்தது. நாலாவது வாரம் காபியை ஆற்றி வைத்துக்கொண்டு அதற்காகக் காத்திருந்தேன். எந்த மணிக்கு மேசை விளிம்பைப் பிடித்தேனோ, அதே மணி அடித்து ஓய்ந்த பிறகு குடித்தால்தான் காபி ருசித்தது. எலியிடம் ஒலியை மாற்றுவதற்கு எங்களுக்கு ஒரு குழு, ஓர் அனுமதி, நாற்பது பக்கப் படிவம் தேவைப்படுகிறது. அக்கா அதை அடுக்களையில் நின்றபடி செய்து முடித்தாள்.

பேசுவதற்குச் சனிக்கிழமை மாலை உண்டு. அது நான் கூப்பிடுவது. நிற்காமல் அடிக்கும் மணி, பதினைந்து வருடங்களில் ஒருநாளும் அவளிடமிருந்து வந்ததில்லை.

அக்கா வீட்டைப் பற்றி இன்னொரு விவரம். அவளும் என்னைப் போலத்தான். டப்பாக்கள் உயர வரிசையில் நிற்கும். ஆனால் இரண்டு வருடங்களுக்கு முன் டிசம்பரில் போயிருந்தபோது, அடுக்களையில் ஒரு கடிகாரம் தப்பான நேரம் காட்டிக்கொண்டிருந்தது. கூடத்தில் பதினொன்று என்றால் அதில் ஆறரை. பேட்டரி தீர்ந்திருக்கும் என்று புதிது வாங்கிப் போட்டு, நேரத்தைச் சரியாக வைத்தேன். அக்கா பார்த்துக்கொண்டே நின்றாள்.

“சரியாயிட்டு, பாரு” என்றேன்.

“ஆமாலே. நீ வந்துதான் சரியாகணும்னு இருந்திருக்கு” என்றாள்.

4

இங்கே வருடத்துக்கு இரண்டு தடவை கடிகாரத்தைத் திருத்துவார்கள். மார்ச் கடைசி ஞாயிறு ஒரு மணி நேரம் முன்னே தள்ள வேண்டும். அக்டோபர் கடைசி ஞாயிறு பின்னே இழுக்க வேண்டும். கோடை வெளிச்சத்தை வீணாக்காமல் இருக்க இந்த ஏற்பாடு. இதில் நான் யாரையும் எதிர்பார்ப்பதில்லை. சனிக்கிழமை சாப்பிட்டு எழுந்ததுமே வீட்டிலுள்ள நான்கு கடிகாரங்களையும் மாற்றிவிட்டுத்தான் படுப்பேன். அன்றும் மாற்றியிருந்தேன்.

ஞாயிறு காலை வீட்டில் நான் மட்டும். மனைவி சாந்தி முதியோர் இல்லத்தில் காலை வேலைக்குப் போயிருந்தாள். மகள் உமா அக்டோபர் முதல் வேறு நகரத்தில் படிக்கிறாள். ரயிலில் மூன்று மணி நேரம். அவள் என்னிடம் பேசுவது பெரும்பாலும் கட்டைவிரலால். நான் நாலு வரி தமிழில் எழுதினால், ஜெர்மனில் ஒரு சொல் வரும். கோபமெல்லாம் இல்லை. அவளுக்கு அங்கே ஒரு நாள் இருக்கிறது, அதில் எனக்கு அவ்வளவு இடம் இருக்கிறது.

ஆறரை. காபி ஆறியிருந்தது. மணி இல்லை.

6.31. போனில் சிக்னல் பார்த்தேன். முழுதாக இருந்தது.

6.36. ஒழுங்கை மீறி நானே கூப்பிட்டேன். அந்தப் பக்கம் மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. 6.38, 6.40, 6.43. எடுக்கவில்லை. இந்த நேரங்களையெல்லாம் நான் அப்போதே எழுதியிருக்கிறேன் என்பதை இப்போது பார்க்கும்போது எனக்கே என்னவோபோல் இருக்கிறது. கை எழுதிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். எழுத்து கோணலாக இருக்கிறது.

அக்காவுக்கு அறுபத்து நாலு வயது. தனியாக இருக்கிறாள். பின்கட்டில் குளியலறைக்கு இரண்டு படி இறங்க வேண்டும். போன டிசம்பரில் அந்தப் படியில் ஒரு சொரசொரப்பான விரிப்பு போடச் சொன்னேன். போட்டாளா என்று கேட்டுக்கொள்ளவில்லை.

6.50. பக்கத்து வீட்டு மைதீன் அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். ஜவுளிக்கடையை மகன்களிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருப்பவர்.

“அண்ணாச்சி, அக்கா போன எடுக்கல. கொஞ்சம் எட்டிப் பாக்கீங்களா?”

“எத்தன தடவ அடிச்சீரு?”

“நாலு தடவை.”

“இரும், பாக்குதேன்.”

போனைக் கையில் பிடித்தபடியே நடந்தார். செருப்புச் சத்தமும், பிறகு கதவுச் சங்கிலியை ஆட்டும் சத்தமும் கேட்டன. “கோமதி! ஏம்மா கோமதி!” என்று கூப்பிட்டார். மறுபடி ஆட்டினார்.

“தம்பி, வீடு பூட்டிக் கெடக்கு.”

“உள்ள விழுந்து கெடந்தா?”

“வெளிய பூட்டுத் தொங்குதுங்கேன். செருப்பையும் காணல, பையையும் காணல. மௌத்தாப் போற ஆளு வீட்டப் பூட்டி, சாவிய இடுப்புல சொருகிட்டா போகும்? சந்தைக்குப் போயிருக்கும், வே. ஞாயித்துக்கெழமல்லா.”

“ஆறரைக்கு மணி அடிக்கணும் அண்ணாச்சி. பதினஞ்சு வருசமா தவறினதில்ல.”

“ஆறரையா? இங்க பத்தேகாலுக்கு மேல ஆவுது, நீரு என்னத்தப் பேசுதீரு? பதறாதீரும். அல்லா காப்பாத்துவான். நான் இங்கனயே நிக்கேன்.”

பூட்டு வெளியே தொங்குகிறது என்றால் வீட்டுக்குள் விழவில்லை. அது நல்ல செய்தி. ஆனால் வழியில் விழுந்திருக்கலாமே? அப்படி நினைத்த மறு நிமிடம் மூளை ஒரு புதிய தெருவைத் திறந்துவிட்டது. சந்தை, அம்பை ரோடு, லாரிகள், ஆஸ்பத்திரி. இன்னும் மூன்று தடவை கூப்பிட்டேன். மொத்தம் ஏழு.

5

7.05. உமாவைக் கூப்பிட்டேன். ஏன் அவளைக் கூப்பிட்டேன் என்று தெரியவில்லை. சாந்தி வேலையில் போனை எடுக்க முடியாது. யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு எடுக்கவே மாட்டாள் என்று நினைத்தேன். இரண்டாவது ரிங்கில் எடுத்தாள்.

“அப்பா? என்ன?”

“அத்தை மிஸ்டு கால் வரலம்மா. போனும் எடுக்கல. வீடு பூட்டியிருக்கு.”

படுக்கையில் எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு அவள் வாயிலிருந்து வந்த தமிழ், எனக்கு முன்பின் தெரியாத தமிழ்.

“அய்யய்யோ! இன்னைக்கு முள்ளு மாத்துற நாள்லா! அத்தைட்ட சொல்லாம விட்டுட்டேம்ப்பா. பரீட்சைல மறந்தே போச்சு.”

“என்ன முள்ளு?”

“கடிகார முள்ளு. அத்தை அடுக்களைல ஒரு ஜெர்மனி கடிகாரம் வச்சிருக்காங்கள்லா? அதுல ஆறரை ஆனாத்தான் ஒங்களுக்கு அடிப்பாங்க. இங்க நேரம் மாறும்போது நான்தான் போன்ல சொல்லுவேன். ‘அத்தே, இன்னைக்கு முள்ளத் தள்ளணும்’னு. இந்தத் தடவ சொல்லல. அப்பம் அங்கன இன்னும் பழைய நேரந்தான் ஓடுது. ஏழரைக்கு வரும் பாருங்க.”

நான் மேல்தட்டிலிருந்து ஒரு பழைய நோட்டை உருவினேன்.

“அப்பா, இருக்கீங்களா?”

“எப்பத்திலிருந்து இது?”

“நான் பத்து வயசுல ஊருக்குப் போனப்பயிருந்து. அதுக்கு முன்ன எங்கம்மாட்ட கேட்டுப்பாங்களாம்.” பிறகு, “நீங்க ஒரு தடவ அந்தக் கடிகாரத்த ரிப்பேர் பண்ணிட்டீங்களாமே. அத்தை சொல்லிச் சிரிச்சாங்க” என்றாள்.

கணக்கு ஒன்றும் கடினமில்லை. குளிர்காலத்தில் எனக்கு ஆறரை என்றால் அங்கே பதினொன்று. கோடையில் எனக்கு ஆறரை என்றால் அங்கே பத்து. என் நோட்டில் இரண்டு காலத்திலும் ஆறரை என்றுதான் இருக்கிறது. கல்லிடைக்குறிச்சியில் யாரும் கடிகாரத்தை மாற்றுவதில்லை. அப்படியானால் அங்கே யாரோ ஒருவர் மாற்றிக்கொண்டிருக்கிறார். பதினைந்து நோட்டுகளில், என் கையெழுத்தில், இது எழுதியிருந்தது.

6

ஏழரை வரை காத்திருக்கலாம் என்று உட்கார்ந்தேன். மனம் இறங்கியிருந்தது.

7.20க்கு மணி அடித்தது. திரையில் அக்காவின் பெயர். ஒரு ரிங். நிற்கவில்லை. இரண்டாவது ரிங்.

நிக்காம அடிச்சாத்தான் எடுக்கணும்.

அந்த இரண்டாவது ரிங்குக்கும் மூன்றாவது ரிங்குக்கும் நடுவில், பதினைந்து வருடங்களுக்கு முந்தைய நடுக்கம் ஒரு குறையுமில்லாமல் திரும்பி வந்தது. எங்கள் ஆய்வகத்திலும் இதைப் பார்த்திருக்கிறோம். பழைய பயம் அழிவதில்லை. அதன் மேல் புதிதாக ஒன்று எழுதப்படுகிறது, அவ்வளவுதான். எடுத்தேன்.

“ஏலே என்னாச்சு!” என்று அங்கிருந்து ஒரு கத்தல்.

“அக்கா ஒனக்கு என்னாச்சு!” என்று இங்கிருந்து ஒரு கத்தல்.

“எனக்கு என்ன? சந்தைக்குப் போயிட்டு இப்பந்தான் வாறேன். போன சார்ஜுல போட்டுட்டுப் போனேன். வந்து பாத்தா ஏழு மிஸ்டு கால் கெடக்கு, ஒன் பேருல. வாசல்ல அண்ணாச்சி வேற போலீசுக்காரன் மாதிரி நிக்காரு.  சாந்திக்கு ஒண்ணுமில்லியே? புள்ளைக்கு?”

“யாருக்கும் ஒண்ணுமில்ல. ஆறரைக்கு ஒன் மணி வரல.”

“இன்னும் ஆறரை ஆவலியேலே. இங்கன கடியாரத்துல ஆறு இருவதுதான…” என்று நிறுத்தினாள். பிறகு மெதுவாக, “இன்னைக்கு முள்ளு மாத்துற நாளா?” என்றாள்.

“ஆமா.”

“அந்தப் புள்ள சொல்லலியே.”

“மறந்துட்டாளாம்.”

பின்னால் மைதீன் அண்ணாச்சியின் குரல் கேட்டது. “கடியாரம் தப்பாப் போனதுக்கா என்னய வெயில்ல நிறுத்தி வச்சாரு? ஜெர்மனில ஒக்காந்துக்கிட்டு இங்க ஆளுக்கு டூட்டி போடுதாரு பாருமா.” அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். அவள் சிரிப்பு நிற்க ஒரு நிமிடம் ஆனது. கடைசியில் மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் கேட்டது.

“ஏன் அக்கா எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா, வேண்டாம்பே. படிச்ச மூதி நீ, அதுக்கு ஒரு கணக்குச் சொல்லுவே.”

“நீயே காலண்டர்ல குறிச்சு வச்சிக்கிடலாமே. ரெண்டு நாளுதானே.”

“குறிக்கத் தெரியாமலா? அந்தப் புள்ள வருசத்துல ரெண்டு நாளாச்சும் எங்கிட்ட வந்து பேசட்டுமேன்னுதாம்லே. முள்ளுன்னு ஆரம்பிக்கும். அப்புறம் ஒரு மணி நேரம் பேசும். ஒன்னப் பத்தியெல்லாம் சொல்லும்.”

என்னைப் பற்றி என்ன சொல்லும் என்று நான் கேட்கவில்லை.

7

கோடையில் பத்து மணி என்பது அக்காவுக்கு இடைஞ்சலான நேரம் என்பது பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டது. பழைய எக்ஸ்சேஞ்ச் தோழிகள் நாலு பேர் மாதம் ஒருநாள் பாபநாசத்துக்குக் குளிக்கப் போவார்கள். பஸ் ஒன்பதே முக்காலுக்கு. குளிர்காலத்தில் பதினொன்றுக்குள் அங்கே போய் இறங்கி, படித்துறையிலிருந்தே அடித்துவிடலாம். ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை, அவர்களை முதலில் அனுப்பிவிட்டு அக்கா மட்டும் அடுத்த பஸ்ஸில் போவாளாம். போனை எடுத்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து அடிக்கலாமே என்றேன். “பஸ் எரைச்சல்ல ஒரு ரிங் போச்சா, ரெண்டு போச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்? ரெண்டு போனா நீ பதறுவேல்லா” என்றாள்.

எங்கள் படிவத்தில் இதற்கு எந்தக் கட்டம் என்று யோசித்தேன். லேசானதா, நடுத்தரமா. அவளைக் கேட்டால் அப்படி ஒரு படிவமே வேண்டாம் என்பாள்.

எதிர்பார்த்தது எதிர்பார்த்த நொடியில் வந்தால் நியூரான் சும்மா இருக்கும் என்று எத்தனை புதிய மாணவர்களுக்கு நான் விளக்கியிருக்கிறேன். பதினைந்து வருடங்களாகத் தினமும் ஆறரைக்கு என் மேசைமேல் ஒரு சொட்டு சர்க்கரை விழுந்துகொண்டிருந்தது. நான் ‘வ’ என்று எழுதிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனேன்.

“இனிமே முள்ளை மாத்த வேண்டாம். எப்பவும் பதினொண்ணுக்கே அடி. கோடையில எனக்கு ஏழரைக்கு வரட்டும்” என்றேன்.

“ஏழரைக்கு நீ போன அலமாரில வச்சிப் பூட்டுவே. போ லே.”

 அதனால் வேறொன்று செய்தேன். திங்கட்கிழமை ஆறரைக்கு அவள் மணி வந்தது. 6.31க்கு நான் பதிலுக்கு ஒரு ரிங் விட்டு நிறுத்தினேன். அரை நிமிடத்தில் அங்கிருந்து நிற்காமல் அடித்தது.

“ஏம்லே அடிச்சே? என்ன? அடுப்ப அணைச்சிட்டு ஓடியாறேன்.”

“ஒண்ணுமில்ல அக்கா. இங்கனயும் எல்லாம் சொகம்னு அர்த்தம்.”

“அத மொதல்லயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?”

சொல்லாமல் செய்தது என் தவறு. எலிக்குத்தான் நாங்கள் அப்படிச் செய்வோம். செவ்வாய்க்கிழமையும் ஒரு ரிங் விட்டேன்; அவள் திரும்பக் கூப்பிடவில்லை. சனிக்கிழமை மாலை பேசும்போது, “ஒன் மணி எதுக்கு? அதான் என் மணி வருதுல்லா” என்றாள். ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை. உமாவிடம் இதைச் சொன்னபோது ஜெர்மனில் ஒரு சொல் வரவில்லை. “நல்ல காரியம் பண்ணுதீங்கப்பா” என்று தமிழிலேயே எழுதி அனுப்பினாள்.

பன்னிரண்டாம் நாள். ஆறரைக்கு அக்காவின் மணி வந்தது. போனை எடுக்கப் போனேன், அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அணைத்து, பாத்திரத்தை இறக்கி, துணியைத் தேடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. நிற்கவில்லை. மூன்றாவது ரிங்கில் எடுத்தேன். சுவர்க் கடிகாரத்தில் 6.34.

“ஏலே, எங்க போனே? ஒன் மணி வரல. மூணு நிமிசமா கையில மாவோட நிக்கேன்.”

“பால் பொங்கிட்டுது அக்கா. தொடச்சிட்டு அடிக்கலாம்னு…”

“மொதல்ல அடிச்சிட்டுல்லா தொடைக்கணும்?”

வைத்துவிட்டாள். நான் ஒரு ரிங் விட்டு நிறுத்தினேன். நோட்டை எடுத்து, வரியின் கடைசியில் இரண்டாவதாக ஒரு கட்டம் போட்டு நேரத்தை எழுதினேன். அதன் பிறகுதான் அடுப்பைத் துடைத்தேன்.